படைத்தோர் பெயர்: பண்டைச் சீனம், மாயா நாடு, முன்மத்தியகால ஐரோப்பா ஆகியவற்றின் கலைகள் பற்றி ஒரு நோக்கு

பழங்காலக் கலைஞன் பெயர் வேண்டாதவன் என்பது கலை வரலாற்று நூல்களில் அடிக்கடி எதிர்ப்படும் கருத்தாகும். தெய்வத்துக்கும் அரசுக்கும் தன்னை ஒப்புக்கொடுத்துப் படைப்பினுள் தன்னைக் கரைத்துக்கொண்டவன் அவன் என்றும், தன் பெயரைப் பொறிக்கும் விருப்பம் ஐரோப்பிய மறுமலர்ச்சியோடு பிறந்த தனிமனித உணர்வின் விளைவே என்றும் அந்நூல்கள் கூறும். கேட்பதற்கு இனிய கருத்து இது. கைவினைஞனின் பணிவைப் போற்றுவது போலத் தோன்றும். ஆயின் அவன் பெயர் ஏன் இல்லை என்னும் வினாவை எழவொட்டாமற் செய்துவிடும். பெயரை அவன் வேண்டவில்லையா, அவனுக்கு அது வழங்கப்படவில்லையா, அன்றிப் பொறிக்கப்பட்டிருந்த பெயரைப் பின்வந்தோர் படிக்க அறியவில்லையா என்பன வெவ்வேறு வினாக்கள். ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குக் கூறுதல் பொருந்தாது.

பெயர் என்னும் இச்சிறு சான்றைக் கைக்கொண்டு பண்டைச் சீனம், மாயா மக்களின் நாடு, முன்மத்தியகால ஐரோப்பா ஆகிய மூன்றினதும் கலைப்படைப்புகளை நோக்கும்போது, நூல்கள் காட்டாத தோற்றமொன்று புலப்படுகின்றது. இவற்றுள் மாயா நாட்டுக்கும் ஏனைய இரண்டுக்கும் அக்காலத்தில் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. சீன வெண்கலக் கலங்களிலுள்ள விலங்கு முகத்தையும் மாயாச் சிற்பங்களிலுள்ள தெய்வ முகங்களையும் அருகருகே வைத்து, பசுபிக் கடல் கடந்த உறவொன்றைக் கற்பித்தோர் உளர்; அக்கற்பனைக்கு அகழாய்வு துணைநிற்கவில்லை. தனித்தனியே வளர்ந்தவை என்பதே இவற்றை ஒப்புநோக்குவதற்குரிய தகுதியாகின்றது. மூன்றிடத்தும் பெருங்கலை அரசையோ ஆலயத்தையோ சார்ந்தே நின்றது. மூன்றிடத்தும் எழுத்து ஒரு சிலரது உடைமையாகவே இருந்தது. எனினும் செய்தவனின் பெயர் மூன்றிடத்தும் ஒரே பொருளைப் பெறவில்லை.

சீனத்தின் ஷாங் அரசமரபினரது இறுதித் தலைநகர் இன்றைய ஹெனான் மாகாணத்து அன்யாங் நகரை அடுத்து அமைந்திருந்தது. 1928 இல் அங்கு முறையான அகழாய்வு தொடங்கிற்று. 1976 இல் ஷெங் ஷென்சியாங் என்னும் பெண் தொல்லியலாளரின் தலைமையில், பூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறை கள்வர் கைபடாத நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டது. வூ திங் மன்னனின் மனைவியருள் ஒருத்தியான இவ்வரசி ஏறத்தாழ கி.மு. 1200 அளவில் இறந்தவள். குறிகேட்கும் எலும்புகளிலுள்ள எழுத்துகள் அவளைப் படைநடத்தியவளாகவும் காட்டுகின்றன. கல்லறையின் மேற்பரப்பு ஒரு சிறு வீட்டின் அறையளவே. அதனுள் 468 வெண்கலப் பொருள்களும் 755 பச்சைமணிக்கற் பொருள்களும் ஏறத்தாழ 6,900 சோழிகளும் கிடைத்தன. வெண்கலத்தின் நிறை மாத்திரம் 1,600 கிலோகிராமைத் தாண்டியது. அவற்றோடு, அரசிக்குத் துணையாகக் கொன்று புதைக்கப்பட்ட 16 மனிதரின் எலும்புகளும் கிடைத்தன.

இக்கலங்கள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அறிந்தாலன்றி அவற்றின் பின்னே நின்ற உழைப்பை உணர்தல் அரிது. ஷாங் காலத்துக் கொல்லர் மெழுகு வார்ப்பு முறையைக் கையாளவில்லை. முதலிற் களிமண்ணால் கலத்தின் வடிவம் செய்யப்படும். அதன்மேல் நயமான மண்ணைப் பூசி, சற்று உலர்ந்தபின் துண்டு துண்டாக அறுத்தெடுப்பர். அத்துண்டுகளே புற அச்சு. உள்ளே வைக்கும் மண்கருவுக்கும் புற அச்சுக்கும் இடையே, கலத்தின் சுவர் எவ்வளவு கனமாக இருக்கவேண்டுமோ அவ்வளவு இடைவெளி விடப்படும். அச்சுத் துண்டுகளை மீண்டும் பொருத்தி, செம்பும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உருக்கை அவ்விடைவெளியில் ஊற்றுவர். மஞ்சள் ஆற்றுப் படுகையின் மிருதுவான வண்டல்மண் மயிரிழை போன்ற கோலங்களையும் சிதையாமல் ஏற்றுக்கொள்ளத்தக்கது. கலத்தின் மேலுள்ள விலங்கு முகம் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்த பாதிகளாகப் பிரிந்து நிற்பதற்கும் அச்சுத் துண்டுகளின் பொருத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. தத்துவம் எனப் பலர் விரித்துரைத்த அமைப்பிற் பெரும்பகுதி கொல்லனின் பட்டறையிற் பிறந்ததாகும்.

1939 இல் அன்யாங் அருகே வூகுவான் என்னும் ஊரிற் கிடைத்த நாற்காற் கொப்பரை, இன்றுவரை அறியப்பட்ட பண்டைச் சீன வெண்கலங்களுள் மிகப் பெரியது. அதன் நிறை 832.84 கிலோகிராம். இத்துணை உருக்கை ஒரே வேளையில் ஊற்றுவதற்குப் பல உலைகளும், அவ்வுலைகளை ஒரே கணத்தில் இயக்கும் பெருந்தொகையான ஆட்களும், அவ்வாட்களை நெறிப்படுத்தும் ஒருவனும் வேண்டும். அந்த ஒருவன் யாரென எவரும் அறியார். கொப்பரையின் உட்புறத்தே எழுத்துகள் உள்ளன. அவை அரசனின் தாயைக் குறிப்பன. பூ ஹாவின் கல்லறையிலும் நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் அவ்வரசியின் பெயரையே தாங்கியுள்ளன. எழுத்து அறியாத காலமன்று அது. பெயர் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. பொறித்தவன் கையிலேயே எழுத்து இருந்தும் அவன் பெயருக்கு அங்கு இடமிருக்கவில்லை.

ஷாங் மரபை வென்று ஆட்சிக்கு வந்த சௌ மரபினரின் காலத்தில் வெண்கலக் கலங்களின் சாசனங்கள் நீண்டன. இன்ன பிரபு தன் தந்தைக்காக இக்கலத்தைச் செய்தான், மக்களும் பேரரும் என்றும் இதனைப் போற்றுக என்னும் கருத்தமைந்தவை அவற்றுட் பல. ஈண்டுச் 'செய்தான்' என்னும் வினையே கவனிக்கத்தக்கது. அப்பிரபு களிமண்ணைத் தொட்டவனல்லன். தமிழிற் செய்தான், செய்வித்தான் என இரு வினைகள் உள. ஆயினும் அரசன் கோயில் கட்டினான் என்றே பாடநூல்களும் எழுதுகின்றன. கலத்தைச் செய்வித்தவன் செய்தவனாக மாறுவதற்குச் சாசனத்தின் ஒரு சொல் போதுமாயிற்று.

அவ்வாறாயின் கைவினைஞருக்குப் பெயரே இருக்கவில்லையா? 'சோ சுவான்' என்னும் பழைய வரலாற்று நூல், சௌ மன்னர் தம் உறவினருக்கு நாடுகளைப் பகிர்ந்தளித்தபோது தோற்ற ஷாங் மக்களின் குலங்களையும் உடன் அளித்தனர் எனக் கூறி, அக்குலங்களைப் பெயர் சுட்டி உரைக்கின்றது. அவற்றுள் ஒரு பெயர் மட்பாண்டத்தையும் மற்றொன்று கயிற்றையும் குறிக்கும் சொற்களாக இருத்தலின், அவை தொழிற் குலங்களாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். தேர், கொடி, மணி ஆகிய பரிசுப் பொருள்களின் வரிசையிலேயே இக்குலங்களும் கூறப்படுகின்றன. தொழிலின் பெயரே மனிதனின் பெயர். அம்மனிதனோ கைம்மாறத்தக்க ஒரு பொருள்.

இந்நிலை மாறிப் பாட்டாளியின் பெயர் முதன்முறையாகப் பரவலாகப் பொறிக்கப்படுவது சின் அரசிலாகும். இதனைக் கலைஞனின் விழிப்பு எனக் கொண்டாட விரும்புவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். கி.மு. 239 அளவில், சின் நாட்டின் முதலமைச்சராயிருந்த லூ புவெய் என்பவரின் ஆதரவில் தொகுக்கப்பட்ட நூலொன்று, பொருளின்மேல் அதனைச் செய்த தொழிலாளியின் பெயரைப் பொறிக்கவேண்டும் என விதிக்கின்றது. குறை காணப்பட்டால் உரியவனைத் தண்டிப்பதற்கே இவ்விதி. அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. முதற் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையை அடுத்த குழிகளிற் கிடைத்த வெண்கலப் போர்க்கருவிகள் சிலவற்றில் ஆண்டு, முதலமைச்சர் லூ புவெய்யின் பெயர், பட்டறை அதிகாரியின் பெயர், உதவியாளன் பெயர், இறுதியாகத் தொழிலாளியின் பெயர் என மேலிருந்து கீழாகப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. ஆணை மேலிருந்து கீழே வரும். பழி கீழே வந்து தங்கும். லூ புவெய் கி.மு. 237 இற் பதவி இழந்து, கி.மு. 235 இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவரை வீழ்த்திய அரசனின் காவற்படையின் கைகளில், அவர் பெயர் பொறித்த கருவிகள் இருந்தவாறே புதைக்கப்பட்டன.

அக்காவற்படையே 1974 இல் சீயான் நகரின் கிழக்கே கிணறு தோண்டிய உழவர் கண்ட சுடுமண் படை. ஏறத்தாழ 8,000 உருவங்கள் எனக் கணிக்கப்படும் இப்படையில் ஒரு முகம் போல் மற்றொன்றில்லை எனப் பயணிகளுக்குக் கூறுவர். உண்மையிற் கால், உடல், கை, தலை ஆகியன தனித்தனியே வகைவகையாகச் செய்து பொருத்தப்பட்டவை. பின்னர் காது, மீசை, புருவம் ஆகியவற்றைக் கையால் திருத்தி வேறுபாடு காட்டினர். அங்கியின் விளிம்பு போன்ற எளிதிற் கண்ணிற்படாத இடங்களில் 80 க்கும் மேற்பட்ட பெயர்கள் முத்திரையாகவோ கீறலாகவோ உள்ளன. அரண்மனைப் பட்டறையைச் சேர்ந்தோர் சிலர். தலைநகர் சியன்யாங்கின் குயவர் சிலர். அரண்மனைப் பட்டறையினர் கட்டடங்களுக்கு ஓடும் வடிகாற் குழாயும் செய்து பழகியவர்கள் என்பது, அப்பொருள்களிலுள்ள முத்திரைகளை ஒப்பிட்டு ஆய்வாளர் கண்ட முடிபு. உலகம் வியக்கும் வீரனின் காலும் நகரின் வடிகாற் குழாயும் ஒரே வகைக் கைவேலையாக இருந்திருக்கலாம் என்பது வியப்புக்குரியதன்று. இரண்டும் மண்ணைக் குழலாக்கும் வேலையே. அப்பெயர்கள் புகழுக்காக இடப்பட்டவையல்ல, கணக்குக்காக இடப்பட்டவை. ஆயினும் அவை பெயர்களே. கணக்கன் எண்ணிய எண்ணம் அழிந்துபோக, எண்ணப்பட்டவர் பெயர் எஞ்சிற்று.

மாயா மக்களின் கதை முற்றிலும் வேறானது. இன்றைய குவாத்தமாலா, பெலீஸ், மெக்சிக்கோவின் தென்கிழக்கு, ஹொண்டூராசின் மேற்கு ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ கி.பி. 250 தொடக்கம் 900 வரை செழித்திருந்த மாயா நகரங்கள் இரும்பையோ வெண்கலத்தையோ கருவியாகக் கொண்டவையல்ல. கல்லைக் கல்லாற் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, செந்நிறம் தீட்டி அவர்கள் எழுப்பிய கோயில்களின் முன்றில்களில், அரசரின் உருவமும் எழுத்தும் செதுக்கிய நெடுங்கற்கள் நிறுத்தப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கற்களைப் பற்றி அறிஞரிடையே நிலவிய கருத்து விந்தையானது. ஆண்டும் திங்களும் கோள்களின் இயக்கமும் மாத்திரமே இவற்றில் எழுதப்பட்டுள்ளன என்றும், காலத்தை வழிபட்ட அமைதியான குருமார் மனிதரின் பெயரை எழுதத் துணியார் என்றும் கருதினர். எரிக் தொம்சன் போன்ற பேரறிஞரே 1950 இல் இக்கருத்தை வலியுறுத்தினார். பெயரற்ற கலை என்பதற்கு மாயாக் கலையினும் சிறந்த சான்று அக்காலத்தில் வேறிருக்கவில்லை.

இக்கோட்டை இரு முனைகளிலிருந்து தகர்ந்தது. 1952 இல் லெனின்கிராட்டிலிருந்து யூரி குனோரோசோவ், மாயா எழுத்துட் பல அசையொலிகளைக் குறிப்பன எனக் காட்டினார். 1960 இல் தத்தியானா புரோஸ்கூரியாகோவ், உசுமசிந்தா ஆற்றங்கரையிலுள்ள பியெத்ராஸ் நேக்ராஸ் நகரின் நெடுங்கற்களிற் காணும் ஆண்டுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் இடைவெளி மனித ஆயுளோடு ஒத்திருத்தலைக் கண்டார். அவ்வாண்டுகள் அரசரின் பிறப்பும் முடிசூட்டும் என்பது அதன்பின் மறுக்கவியலாததாயிற்று. அவர் தொழிலாற் கட்டடப் படவரைஞர்; அந்நகரின் இடிபாடுகளை அளந்து, அவை முழுமையாக நின்ற தோற்றத்தை வரைந்தவர். கற்களின் முன் நெடுநேரம் நின்ற கண்ணுக்கு, நூலகத்திலிருந்தோர் காணாதது தெரிந்தது போலும். 1980 களில் டேவிட் ஸ்டூவார்ட்டும் அவரோடொத்த ஆய்வாளரும் கலங்களிலும் கற்களிலும் வரும் இரு சொற்களைப் படித்தனர். ஒன்று 'த்சிப்', மற்றொன்று 'யுஷுல்'. முன்னையது எழுதுதலைக் குறிக்கும். பின்னையது இன்னாரின் செதுக்கு வேலை என்னும் பொருள்பட வரும். அவற்றை அடுத்து நின்றவை கலைஞரின் பெயர்கள்.

த்சிப் என்னும் சொல் எழுத்து எழுதுவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் பொதுவானது. ஓவியத்தையும் எழுதினான் என்று கூறும் தமிழருக்கு இது விளக்கம் வேண்டாதது. ஒரே தூரிகை, ஒரே மை, ஒரே கை. எழுதத் தெரிந்தவன் அரசவையினன். எனவே ஓவியனும் அரசவையினன். நரான்ஹோ அரசின் வண்ணக் கலமொன்றில் அதனைத் தீட்டியவன் தன்னை அந்நாட்டு அரசனின் மகன் எனவே கூறிக்கொள்கின்றான். சிற்பியர் பெயர்களோடு 'இத்சாத்' என்னும் பட்டமும் காணப்படுகின்றது. அறிவன் என அதனைத் தமிழாக்கலாம். ஷாங் கொல்லனின் பெயரை எழுத்து விலக்கியது. மாயா ஓவியனுக்கோ எழுத்து தன் குலத்தின் உடைமையாகவே இருந்தது.

பியெத்ராஸ் நேக்ராசின் 12 ஆம் நெடுங்கல் கி.பி. 795 இல் நிறுத்தப்பட்டது. உச்சியில் அரசன் ஒரு காலைத் தொங்கவிட்டுக் கீழே நோக்கி அமர்ந்திருக்கின்றான். இருமருங்கும் படைத்தலைவர் நிற்கின்றனர். அடியில் பொமோனா நாட்டுப் போரிற் சிறைப்பட்டோர் கயிற்றாற் பிணிக்கப்பட்டு நெருங்கிக் குவிந்துள்ளனர். மாயாச் சிற்பத்தில் அரசனின் உருவம் பெரும்பாலும் அணிகலன்களுக்குள் மறைந்து மரத்துப்போய்த் தோன்றும். இங்குச் சிற்பிகளின் முழுத்திறனும் கீழேயுள்ள கைதிகளிடத்தே வெளிப்பட்டிருப்பதை எவரும் காணலாம். ஒருவன் தோளுக்கு மேலால் மற்றொருவன் எட்டிப் பார்க்கின்றான். ஒருவன் தலை சாய்ந்துள்ளது. மற்றொருவன் மேலே நிமிர்ந்து நோக்குகின்றான். இந்த ஒரே கல்லில் எட்டுச் சிற்பிகள் தம் பெயரை இட்டுள்ளனர். அவை அரசனின் வரலாற்றைக் கூறும் எழுத்தைப் போல ஆழச் செதுக்கப்படாமல், மெல்லிய கீறலாக இடையிடையே அமைந்துள்ளன. எட்டுப் பேர் ஒரு கல்லில் வேலை செய்தனர் என்பதைக் காட்டிலும், எட்டுப் பேரும் பெயரிட அரசன் இசைந்தான் என்பதே சிந்தனைக்குரியது. கற்றறிந்த சிற்பியர் இத்துணைப்பேர் என் அவையில் உளர் எனக் காட்டுவது அவனுக்கும் பெருமையாயிருந்திருக்க வேண்டும்.

ஆயின் அப்பெருமைக்கு விலையும் இருந்தது. பொனாம்பாக் நகரின் சுவரோவியங்கள் 1946 இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. எட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அவ்வோவியங்களுள், இரண்டாம் அறையிலே படிக்கட்டில் அமர்த்தப்பட்ட கைதிகளின் விரல்களிலிருந்து குருதி வடிகின்றது. நெடுங்காலம் இது பொதுவான வதையெனவே கொள்ளப்பட்டது. அவர்களுள் தோற்ற அரசின் எழுத்தரும் இருந்தனர், எழுதும் விரலை முறிப்பது பகையரசின் குரலை முறிப்பதாகும் என்னும் விளக்கம் 2001 இல் வெளியான ஆய்வொன்றில் முன்வைக்கப்பட்டது. அவ்விளக்கத்தை எல்லோரும் ஏற்றனர் எனக் கூறவியலாது. எனினும் கலைஞன் அரசனுக்கு இத்துணை நெருங்கியவனாக இருந்த நாட்டில் அது நிகழத்தக்கதே. 12 ஆம் நெடுங்கல் நிறுத்தப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், கி.பி. 808 இல், அயலரசான யாஷ்சிலான் அந்நகரின் அரசனைச் சிறைப்பிடித்தது. அதன்பின் அங்கு நெடுங்கல் எதுவும் நிறுத்தப்படவில்லை. மாயாக் கலைஞரின் மடிப்பேடுகளோ, 1562 இல் மனி என்னும் ஊரில் தியேகோ டி லண்டா என்னும் துறவியின் ஆணைப்படி தீயிலிடப்பட்டவை போக, இன்று உலகில் நான்கே எஞ்சியுள்ளன. அவர்களது கலை பெயரற்றதாகத் தோன்றியதற்கு அவர்களின் பணிவு காரணமன்று. படிப்பவர் எழுத்தறியாமற் போனமையே காரணம்.

அவ்வெழுத்தறிவிலும் ஓர் எல்லை இருந்தது. பெயரிட்டோர் சிற்பியரும் ஓவியருமே. சுண்ணாம்புக் கல்லைச் சுடுவதற்கு விறகு வெட்டியோர், சக்கரமும் பாரவிலங்கும் இன்றிக் கல் சுமந்தோர் ஆகியோரைக் குறித்து அச்சாசனங்கள் ஒரு சொல்லும் கூறா. மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் தெயோத்திவாக்கான் நகரிலோ, 60 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஞாயிற்றுக் கோபுரத்தை எழுப்பிய அரசனின் பெயருங்கூட இல்லை.

ஐரோப்பாவில் உரோமப் பேரரசின் மேற்குப் பாதி வீழ்ந்தபின் வந்த நூற்றாண்டுகளை இருண்ட காலம் என அழைப்பது முன்னைய வழக்கு. 1939 இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்னுமிடத்தில், மண்மேட்டின் கீழிருந்த கப்பலொன்றில் ஏழாம் நூற்றாண்டின் பொன்னணிகள் கிடைத்தபின் அச்சொல்லைக் கூசாமற் பயன்படுத்துவது கடினமாயிற்று. 400 கிராமுக்கு மேற்பட்ட பொற்கொளுவியொன்றின் மேல் ஒன்றையொன்று விழுங்கும் பாம்புகளைப் பின்னிய பொற்கொல்லனின் பெயர் தெரியாது. புதைக்கப்பட்ட அரசனின் பெயரே ஐயத்துக்குரியது. அங்குப் பெயரைத் தாங்கி வந்தது கிறித்தவமும் அதனோடு வந்த இலத்தீன் எழுத்துமாகும்.

பிரித்தானிய நூலகத்திலுள்ள லிண்டிஸ்பார்ண் நற்செய்தி ஏடு எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகளின் தோலைப் பதனிட்டுச் செய்த ஏடுகளில், எழுத்தும் கோலமும் ஒரே கையால் வரையப்பட்டவை. அதனை எழுதியவர் தம் பெயரை இடவில்லை. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின் ஆல்ட்ரெட் என்னும் குரு, இலத்தீன் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்திற் சொற்பொருள் எழுதியபோது, இறுதியில் ஒரு குறிப்பையும் சேர்த்தார். ஆயர் ஈட்பிரித் இதனை எழுதினார். எதில்வால்ட் இதனைக் கட்டினார். தனித்துறவி பில்பிரித் பொன்னும் மணியும் கொண்டு மேலட்டையை அணிசெய்தார். எளிய குருவாகிய ஆல்ட்ரெட் பொருள் எழுதினார் என்பது அக்குறிப்பின் கருத்து. அது எத்துணை நம்பத்தக்கது என்பது குறித்து விவாதம் உண்டு. ஆயினும் எழுதியவன், கட்டியவன், தட்டியவன் ஆகிய மூவரையும் அது ஒரே வரிசையில் வைத்தமை புதியது. பில்பிரித் செய்த அட்டை தொலைந்துவிட்டது. அவர் பெயர் மாத்திரம் இருக்கின்றது. ஷாங் கொல்லனுக்கு நேர்ந்ததன் நேர் எதிர் இது.

இதனை ஐரோப்பியரின் பொதுப்பண்பாகக் கொள்ளலாகாது. ஒக்ஸ்போட்டில் உள்ள, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன்மணியொன்றின் விளிம்பிலுள்ள எழுத்து, ஆல்பிரட் தன்னைச் செய்வித்தான் என அம்மணியே கூறுவதாக அமைந்துள்ளது. சௌ பிரபுக்களைப் போலன்றி இம்மன்னன் 'செய்வித்தான்' என்றமட்டில் நேர்மையுடையவன். செய்தவன் பெயர் எனினும் இல்லை. சார்லமேன் பேரரசன் ஆகன் நகரில் எழுப்பிய எண்கோண ஆலயத்துக்குத் தூண்கள் உரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டதை அவன் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறித்துள்ளார். அவற்றை நிறுத்தியோரைக் குறிக்கவில்லை. மெட்ஸ் நகரத்து ஓடோ என்னும் பெருந்தச்சனின் பெயர் மாத்திரம் அவ்வாலயத்தோடு சேர்த்துக் கூறப்படுகின்றது. எழுதப் பழகுவதற்காகப் பலகைகளைத் தலையணையின்கீழ் வைத்திருந்தும் முதுமையில் அது கைவரப்பெறாத அப்பேரரசனே, ஐரோப்பாவின் எழுத்துக் கலைக்கு மறுவாழ்வு அளித்தவன் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

மிலான் நகரத்துப் புனித அம்புரோசியார் ஆலயப் பலிபீடம் இவ்வெல்லாவற்றிலும் வேறுபட்டது. அதே ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் அஞ்சில்பெர்த்து என்னும் பேராயர் செய்வித்த அது, முன்புறம் பொற்றகட்டாலும் பின்புறம் பொன்பூசிய வெள்ளித்தகட்டாலும் போர்த்தப்பட்டது. பின்புறத்தே, புனிதரின் உடல் வைக்கப்பட்ட இடத்தை நோக்கித் திறக்கும் சிறு கதவுகளில் வட்டமான சிற்பங்கள் உள்ளன. ஒன்றிலே பேராயர் பலிபீடத்தின் சிற்றுருவைக் கையிலேந்திக் குனிந்து நிற்க, அம்புரோசியார் அவர் தலையில் முடிசூட்டுகின்றார். அதன் இணையான வட்டத்திலும் அதே அம்புரோசியார், அதே போல் முடிசூட்டுகின்றார். குனிந்து நிற்பவன் வுல்வீனியஸ் என்றும் தலைமைக் கொல்லன் என்றும் எழுத்துக் கூறுகின்றது. பேராயரின் தலைக்குப் பின்னே சதுர ஒளிவட்டம் உண்டு, கொல்லனுக்கு அஃதில்லை. மற்றெல்லாவற்றிலும் இருவரும் சமம். செய்வித்தவனும் செய்தவனும் ஒரே அளவான இரு வட்டங்களில் நிற்கும் காட்சி, அக்கால உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

இச்சமத்துவத்தைச் சமுதாயத்திலும் நிலவியதாகக் கொள்வது பேதைமை. பொன்னைத் தட்டியவனின் கையிலேயே அவ்வட்டமும் இருந்தது என்பதை மறத்தலாகாது. அவன் வேண்டியதும் சந்தையின் புகழன்று; இறுதி நாளில் புனிதரின் பரிந்துரையே. கதவுகள் இரண்டும் மக்கள் நிற்கும் பக்கத்தை நோக்காமற் புனிதரின் உடலிருந்த பக்கத்திலேயே அமைந்தமைக்கும் இதுவே காரணமாகலாம். சின் நாட்டுக் குயவனின் பெயரைத் தேடிவருபவன் அதிகாரி. வுல்வீனியசின் பெயரைப் படிக்கவேண்டியவர் புனிதர்.

எனினும் மூன்று நாடுகளிலும் இதுவரை கூறப்பட்ட பெயர்கள் யாவும் திறன் பெற்ற கைகளுக்குரியவை. மண் சுமந்தோரின் பெயர் எங்கேனும் உளதா என்பதற்குச் சின் பேரரசனின் கல்லறைக்கே மீளவேண்டும். அக்கல்லறை வேலைக்கு 7,00,000 பேர் கொணரப்பட்டனர் என்றும், வேலை முடிந்தபின் உள்ளமைப்பை அறிந்த கைவினைஞர் உள்ளேயே அடைக்கப்பட்டனர் என்றும், ஒரு நூற்றாண்டின் பின் வாழ்ந்த சிமா சியென் எழுதினார். அத்தொகை மிகையாகலாம். ஆனால் அம்மண்மேட்டுக்கு மேற்கே சாவ்பெய்ஹூ என்னும் ஊரருகே, 1979 ஐ அடுத்து அகழப்பட்ட இடுகாடு மிகையன்று. ஒடுங்கிய குழிகளில் அங்குப் புதைக்கப்பட்டோர் பெரும்பாலும் இளவயது ஆண்கள். சில குழிகளில் எலும்புகளோடு உடைந்த கூரையோட்டுத் துண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. துண்டுகளின் உட்புறத்தே கூரிய கருவியால் விரைந்து கீறிய எழுத்துகள் உள்ளன. இருபதுக்குச் சற்றுக் குறைவான பெயர்களை அவற்றிற் படிக்கலாம். பெயரோடு ஊர், சிலருக்கு அவர் பெற்றிருந்த சிறு பட்டம், சிலருக்குத் தண்டப்பணம் செலுத்த இயலாது உழைப்பாற் கழிக்க வந்தவர் என்னும் குறிப்பு. ஊர்கள் யாவும் கிழக்கே, சின் அரசு புதிதாக வென்றடக்கிய நாடுகளைச் சேர்ந்தவை. ஓடு அவ்வேலைத்தலத்தில் எங்கும் கிடந்த பொருள்தான். எழுதுவதற்கு யாரோ ஒருவர் சற்று நேரம் ஒதுக்கியிருக்கின்றார்.